லாக்ஸ்க்ரோனா வம்சத்தின் கடைசி ஆண் வாரிசும் நெல்லித்தோப்பு சூசையும்

ஸ்வீடனில் பிரபுக்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ன, எல்லோரையும் போல மருந்துக்கடையில் டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் ஆறு வருடமாக ஒரு பிரபுவுக்குக் காலுறை மாட்டிவிடுகிறேன். முதியவர்களின் வீடு தேடிப்போய் உதவும் நகராட்சி வேலை என்னுடையது. காலை ஏழரைக்கு கார்ல் லாக்ஸ்க்ரோனாவின் வீட்டு மணியை அடித்து, வீங்கிய கால்களில் இறுக்கமான மருத்துவக் காலுறையை ஏற்றிவிட்டு, மாத்திரை கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அவருக்கு எழுபத்தொன்பது வயது. அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன். அந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். திருச்சியில் வளர்ந்த வாய்க்கு இது பழகவே இல்லை. அதனால் மனசுக்குள் அவரைப் 'பிரபு' என்று கூப்பிட்டு ஈடுகட்டிக்கொள்வேன்.

பிரபு பிறந்த மாளிகை இப்போது ஹோட்டல். அவர் இருப்பது அதே தோட்டத்தின் மூலையில், ஒரு காலத்தில் குதிரைக்காரன் குடியிருந்த இரண்டு அறை வீட்டில். அங்கே வம்ச வரலாறு மூன்று தடித்த புத்தகங்களாக அலமாரியில் இருக்கிறது. தினமும் காலுறை மாட்டும் ஏழு நிமிடத்தில் கேட்டுக் கேட்டே நான் மூன்றையும் முடித்துவிட்டேன்.

வம்சத்தின் முதல் ஆள் ஆண்டெர்ஸ், நீல்ஸ் என்பவரின் மகன். அந்தக் காலத்தில் அங்கே குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள், நம் இனிஷியல் மாதிரி. ராஜாவின் படைக்கு மாவு மூட்டை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதற்காக ஆண்டெர்ஸைப் பிரபு ஆக்கினார்கள். பிரபு ஆன பிறகு நீல்ஸ் மகன் என்று சொல்லிக்கொண்டு திரிய முடியுமா? புதுப் பெயர் வேண்டும். அவர் ஊர் ஆற்றில் சால்மன் மீன் நிறைய. அந்த மீனையும் ஒரு கிரீடத்தையும் ஒட்டவைத்து லாக்ஸ்க்ரோனா என்று வைத்துக்கொண்டார். கேடயத்திலும் அதே படம், கிரீடம் வைத்த மீன். நம் பக்கம் ஒருத்தர் 'வஞ்சிரமகுடம்' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து நின்றால் ஊர் சும்மா விடுமா? அங்கே முந்நூறு வருடமாக யாரும் சிரிக்கவில்லை.

இந்தப் பிரபுக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வம்சத்தின் கடைசி ஆண் இறந்தால், அடக்கத்தின்போது கேடயத்தைச் சவப்பெட்டி முன்னால் வைத்து உடைப்பார்கள். அத்தோடு பெயர் முடிந்தது. மகள் இருந்தால்? எங்கள் பிரபுவுக்கு இருக்கிறாள். நியூசிலாந்தில் மாட்டு வைத்தியம் பார்க்கிறாள். ஆனால் மகள் கணக்கில் வரமாட்டாள். நமக்கு ரொம்பத் தெரிந்த கதைதான், மீன் மட்டும் வேறு.

"உடைக்கிற சத்தம் எனக்குக் கேட்காது, அந்த மட்டும் லாபம்" என்பார் பிரபு. ஆனால் கேடயம் அவர் படுக்கைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குகிறார், அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுந்திருக்கிறார். உடைபடப் போகிறது என்ற நினைப்பு அவரைத் தின்றுகொண்டிருந்தது.

போன குளிர்காலத்தில் ஊர் நூலகக் கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தானே தேடிக்கொண்டிருந்தவர் அலறாத குறையாக எனக்குப் போன் செய்தார். புதுச்சேரியில், தட்டாஞ்சாவடியில், ஒரு லேத் பட்டறையின் ஆயுத பூஜைப் படம். வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் நெற்றியில் சந்தனத்தோடு நிற்பவரின் பெயர் ஜோசப் லாக்ஸ்க்ரோனா. எழுத்துக்கு எழுத்து அதே பெயர். பிரபு வீட்டுக்கு வந்ததும் மூன்றாம் புத்தகத்தைத் திறந்தார். எரிக் என்று ஒரு இளைய மகன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான், போப்பாண்டவரின் மதத்துக்கு மாறினான், இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான், 'அவனைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை'. அவ்வளவுதான். இருநூறு வருடத்துக்கு மேலாக வேண்டாதவனாக இருந்த எரிக், மற்ற எல்லோரும் செத்துப்போன பிறகு திடீரென்று குடும்பத்தின் நம்பிக்கை ஆகிவிட்டான்.

"நீ நவம்பரில் லீவில் போகிறாயே, நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படித்தான், ஸ்வீடன் பாஸ்போர்ட்டும் இந்திய வம்சாவளி அட்டை ஒன்றும் வைத்துக்கொண்டு பிறந்த நாட்டுக்கு வெளிநாட்டுக்காரியாகப் போகிற நான், ஒரு பிரபுவையும் பன்னிரண்டு ஜோடிக் காலுறையையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் மழை. கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றில் அறை. மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், முற்றத்தில் போகன்வில்லா. பிரபு சுற்றிலும் பார்த்துவிட்டு, "இது ஃபிரான்ஸ் மாதிரி இருக்கிறதே, இந்தியா எங்கே?" என்று கேட்டார். ஊர் நடுவே ஓடும் வாய்க்காலைத் தாண்டினால் வந்துவிடும் என்றேன். சாயங்காலம் தாண்டினோம். வந்துவிட்டது. ஒரு மாடு, இரண்டு கட்சிக் கட்அவுட், மூன்று மதுக்கடை. தெருமுனையில் காபி குடித்தோம். டம்ளரின் சூட்டைத் தாங்க முடியாமல் பிரபு கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ஆனால் சொட்டு விடவில்லை. ஸ்வீடன்காரர்களிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம், காபி என்று வந்துவிட்டால் மானம் மரியாதை பார்க்கமாட்டார்கள்.

இரண்டாம் நாள் நவம்பர் ஒன்று. எங்கும் மூவர்ணக் கொடி. "என்ன விழா?" என்றார். விடுதலை நாள் என்றேன். "ஆகஸ்டில் இல்லையா?" அது இந்தியாவுக்கு, இது புதுச்சேரிக்கு, பிரெஞ்சுக்காரனிடமிருந்து என்று விளக்கினேன். இரண்டு விடுதலை வாங்கிய ஊரை அவர் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

பட்டறைக்கு முன்பே கடிதம் போட்டு, ஜோசப்பின் வீடு நெல்லித்தோப்பில் என்று தெரிந்துகொண்டிருந்தோம். நெல்லித்தோப்பு என்று தெளிவாகச் சொல்லித்தான் ஆட்டோவில் ஏறினோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பறந்துகொண்டிருக்கிறது.

"எங்கேப்பா போறே?"

"ஆரோவில்லுக்குதான். வெள்ளக்காரர வெச்சிக்கினு நெல்லித்தோப்புல இன்னா மேடம் வேல?" டிரைவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. திருப்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முழங்கால் தண்ணீர். வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பிரபு பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். நடந்தது அவர், ஆனால் கவலை எனக்கு. நனைந்த காலுறையை உரித்து வேறு மாட்டுவது எண்ணெய் பூசிய விலாங்கைப் பிடிப்பது மாதிரி. ஒரு மூடிய கடையின் படியில் அவரை உட்காரவைத்து, லீவு போட்டுவிட்டு வந்த வேலையை நடுரோட்டில் செய்தேன். நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜோசப் லாக்ஸ்க்ரோனாவை நெல்லித்தோப்பில் யாருக்கும் தெரியவில்லை. ஜோசப்பைத் தமிழாக்கி லேத் சூசை என்றதும் மூன்று பேர் கை காட்டினார்கள். சந்துக்குள் பச்சைச் சாயம் அடித்த வீடு. சூசைக்கு அறுபது அறுபத்திரண்டு இருக்கும். நல்ல கறுப்பு, உருண்டை முகம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. எங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிரபு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கையும் தாடையையும் அளக்கிறார் என்று புரிந்தது. "காது" என்று என்னிடம் ஸ்வீடிஷில் கிசுகிசுத்தார். "என் சித்தப்பாவின் காது." எனக்கு அது எல்லோருக்கும் இருக்கும் காதாகத்தான் தெரிந்தது.

"வாங்க முசியே, உக்காருங்க" என்று பிரெஞ்சும் தமிழுமாக வரவேற்று, சூசை பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஒரு பிளாஸ்டிக் பையைத் திறந்து மேஜையில் பரப்பினார். ரேஷன் கார்டு, ஆதார், ஞானஸ்நானச் சீட்டு, அவர் அப்பாவின் பிரெஞ்சுக்காலப் பத்திரங்கள். எல்லாவற்றிலும் லாக்ஸ்க்ரோனா. பிரபு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"பிள்ளைகள் உண்டா என்று கேள்."

கேட்டேன். நான் ஸ்வீடிஷிலிருந்து தமிழுக்கு மாற்றும்போது 'நீ'யை எடுத்துவிட்டு 'நீங்க' போட்டுக்கொள்வேன். இல்லாவிட்டால் முதல் கேள்வியிலேயே சண்டை வந்திருக்கும்.

"ஒரு பையன். சேதராப்பட்டு கம்பெனியில ஷிப்டுக்குப் போயிக்கிறான். அவனுக்கு ரெண்டு பையன்."

இதை மொழிபெயர்த்தபோது பிரபுவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. மூன்று ஆண்கள்! எண்பது வயதை எட்டப்போகிறவர் குழந்தை மாதிரி கையைக் கையோடு தேய்த்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே, எச்சில் துப்பி அனுப்பினால் ரத்த சம்பந்தம் உண்டா இல்லையா என்று சொல்லும் சின்னக் குழாய்.

சூசை அதைத் தொடவில்லை. இதுவரை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரோஸ்லினுக்குப் பொறுமை போய்விட்டது.

"யம்மா, நேராவே கேக்கறேன். கல்லறையைக் கேக்க வந்துருக்காரா? எலும்பைத் தோண்டி எடுத்துக்கினு போவப்போறாரா?"

"எந்தக் கல்லறை?" என்றேன்.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எரிக்கின் கல்லறை இந்த ஊரில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லியிருக்கவே வேண்டாம் என்ற வருத்தம் ரோஸ்லின் முகத்தில் அப்பட்டமாக ஓடியது.

"நாளைக்குக் கல்லறைத் திருநாள்" என்றார் சூசை மெல்ல. "காலைல அங்க வாங்க. எல்லாம் பேசிக்கலாம். இது என்கிட்டியே இருக்கட்டும்." குழாயை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பேச்சு நின்றாலும் சாப்பாடு நிற்கவில்லை. பகையாளியாகவே இருந்தாலும் வீட்டுக்கு வந்தவர் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்பதில் ரோஸ்லின் உறுதியாக இருந்தார். வஞ்சிரக் குழம்பு, வறுவல், முட்டை. பிரபு கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார். "முள்ளு பாத்து, முள்ளு பாத்து" என்று ரோஸ்லின் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டிக்கொண்டே முள்ளை எடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பிரபு பேசிக்கொண்டே வந்தார். சூசையின் மகனைப் பிரபுக்கள் சங்கத்தில் பதிவுசெய்ய முடியுமா, திருமணம் முறைப்படி நடந்ததா, எரிக் யாரை மணந்திருப்பான்? சேதராப்பட்டில் ஷிப்டு பார்க்கும் ஸ்வீடன் பிரபுவை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சூசையின் முகத்தை நினைத்தபோது நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். பூக்கடை, மெழுகுவத்திக்கடை, வாசலில் சுண்டல். உள்ளே குடும்பம் குடும்பமாகக் கழுவுகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், சாமந்தி மாலை போடுகிறார்கள். ஸ்வீடனிலும் இதே வாரத்தில் கல்லறைக்கு விளக்கு வைப்பார்கள். அங்கே ஒருத்தரும் பேசமாட்டார்கள். இங்கே செத்தவர்களுக்கும் சேர்த்துப் பேசினார்கள்.

சூசை எங்களை உள்ளே, பழைய வெள்ளைக்காரக் கல்லறைகள் இருக்கும் பகுதிக்குக் கூட்டிப்போனார். மற்றவை பாசி பிடித்து இடிந்து கிடந்தன. நடுவே ஒன்று மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. வெள்ளைச் சுண்ணாம்பு, நீலக் கரை. தலைமாட்டுக் கல்லில் எரிக் லாக்ஸ்க்ரோனா என்ற பெயர். அதற்கு மேலே கேடயம். தலைமுறை தலைமுறையாகப் பெயிண்ட் அடித்து அடித்து அந்த சால்மன் தடித்துப்போய், ரோஸ்லின் நேற்றுக் குழம்பு வைத்த மீனின் அண்ணன் மாதிரி இருந்தது. கிரீடம் மஞ்சள். கண் சிவப்பு. மழையால் பாதி வேலை நின்றிருந்தது. வால் பக்கம் இன்னும் வெள்ளிப் பெயிண்ட் ஏறவில்லை.

பிரபு தொப்பியைக் கழற்றினார்.

சூசை சட்டைப்பையிலிருந்து குழாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அது காலியாக இருந்தது.

"இது வேணாம் முசியே. நான் துப்பினா ஒண்ணும் வராது. எங்க தாத்தாவுக்குத் தாத்தா இந்தக் கல்லறையில குழி வெட்டினவரு. அப்ப வெள்ளக்காரனுக்கு இந்தப் பக்கம், நம்மாளுக்கு அந்தப் பக்கம். நம்மாளுலயும் சாதிக்கு ஒரு மூல. எங்காளுங்களுக்குக் கடைசி மூல, சுவத்துக்கு வெளிய மாதிரி. சாதி வழக்கத்த வுட்டுட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு வரேன்னு மேரியில எழுதிக் குடுத்தா, குடும்பத்துக்குப் புதுப் பேரு வெச்சிக்கலாம்னாங்க." மேரி என்பது பிரெஞ்சுக்காரன் கால நகராட்சி அலுவலகம். "அவரு யோசிச்சாரு. இந்த ஊரு பேரு எது வெச்சாலும் மோந்து பாத்துடுவாங்க. ஒருத்தனாலயும் சாதி கண்டுபுடிக்க முடியாத பேரா வேணும். தெனம் கூட்டற கல்லறைல இந்தப் பேரு இருந்துச்சு. கேக்க ஆளில்ல. அதையே குடுத்துட்டாரு."

நான் மொழிபெயர்க்காமல் நின்றேன். பிரபு என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது மழுப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. குழாயில் வேறு யாராவது துப்பினால்கூட அவர் ஊருக்குப் போகிறவரையில் சந்தோஷமாக இருப்பார். ஆனால் சூசை மறைக்காமல் சொன்னதை நான் மறைக்க எனக்கு என்ன உரிமை? ஒன்று விடாமல் சொன்னேன்.

பிரபு காலிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் கோணியது. அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். சூசை தலை குனிந்து, தப்புச் செய்தவர் போல, மீதியையும் சொல்லி முடித்தார்.

"அவரு செத்தப்ப ஆபீசுல ரிஜிஸ்டரப் பாத்தாங்க. இதே பேருல கல்லறை இருக்குதே, குடும்பக் கல்லறைதான்னு தெறந்து வுட்டுட்டாங்க. சுவத்துக்கு வெளிய போவ வேண்டிய ஆளு, இங்க வந்து படுத்துட்டாரு. அதுலேர்ந்து எங்காளுங்க எல்லாம் இதுலதான். நீங்கதான் சொந்தக்காரரு. காலி பண்ணச் சொன்னா நாங்க எங்க கொண்டுபோறது?"

இதையும் சொன்னேன். பிரபு கல்லில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கல்லறையில் யாரோ ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லினுக்குச் சும்மா நிற்பது என்றாலே ஆகாது. வானத்தைப் பார்த்தார், இருட்டிக்கொண்டு வந்தது. வெள்ளிப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்துப் பிரபுவின் கையில் திணித்தார்.

"மழ வந்துடும். சொந்தக்காரருன்னா நின்னுக்கினே இருந்தா ஆச்சா? வால அடிக்கச் சொல்லும்மா."

பிரபு குழாயைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு, கல்லறை விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வாழ்நாளில் பிரஷ் பிடித்திராத கை. வால் இரண்டு இடத்தில் கோணிப்போயிற்று. அடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கச் சொன்னார்.

சூசை விரல் விட்டுச் சொன்னார். அடியில் எரிக். அவருக்கு மேல் குழி வெட்டிய அந்தோணி. அப்புறம் அவர் மகன் சவரிமுத்து. அப்புறம் சூசையின் தாத்தா. கடைசியாகப் போனது சூசையின் அப்பா. ஒவ்வொரு பெட்டியும் மக்கிய பிறகுதான் அடுத்த ஆளுக்குத் திறப்பார்கள்.

"இத்தனை வருடமும் பூ வைத்தது யார்?"

"நாங்கதான். எல்லாருக்கும் சேத்துதான் வெக்கறோம். அவருக்குத் தனியா ஒரு மெழுகுவத்தி. வூட்டுக்காரரு ஆச்சே."

பிரபு பிரஷைக் கீழே வைத்தார். அவர் கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஸ்வீடனில் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் வம்சத்துக் கல்லறை நிறைந்துபோய்ப் பூட்டிவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். தன் சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தின் பொது இடத்தில், எங்கே என்று யாருக்கும் தெரியாமல் புதைப்பார்கள். கேடயத்தை உடைக்கும்போது பாதிரியாரும் நானும் ஹோட்டல் மேனேஜரும் நிற்போம், மகள் வந்தால் வருவாள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். பிறகு ஈரமான கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இதில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமா என்று கேள்" என்றார்.

கேட்டேன்.

சூசை கல்லறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பட்டறைக்காரர் ஆயிற்றே, ஜாணால் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சரி என்பது போல் தலையசைத்தார்.

"இருக்குது முசியே" என்றார் சூசை. "பங்குச் சாமியார்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா நானும் இவளும் வேற இருக்கோம். எங்களுக்கு முன்னாடி போனீங்கன்னா கீழ, பின்னாடி வந்தீங்கன்னா மேல. வரிசையிலதான் வரணும், பேரு உங்களுதுன்னு முன்னாடி வுட மாட்டோம்."

சொன்னேன். பிரபு, தான் காத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்.